அமுங்கிக் கிடக்கும் பொத்தான்

என் வீட்டு மாடியறையில் குடியிருந்தவளைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் எதையாவது அழகுபடுத்தினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவளை முதலிலேயே மிரட்டி வைத்திருக்கிறேன்.

வீடு பார்க்க வந்த அன்றே அவள் எனக்கு விசித்திரமாகப் பட்டாள். வருகிறவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள், ஜன்னலைத் தள்ளிக் காற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். இவள் நேரே சுவரிடம் போனாள். விளக்கு ஸ்விட்சை அமுக்கினாள். விளக்கு எரிந்ததா என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அமுக்கினாள்.

"கரண்ட் இருக்கும்மா, பயப்படாதே" என்றேன்.

"கரண்டுக்காகப் பாக்கல பெரியம்மா. ஸ்விட்ச் நல்லா பேசுது. ரொம்பப் பழசோ?"

"இந்த வீட்டுக்கு நான் வர்றதுக்கு முந்தியே இருந்தது. மாத்தித் தரணுமா?"

"ஐயோ, மாத்திடாதீங்க. இதுக்காகவே வந்துடறேன்."

ஸ்விட்சுக்காகக் குடிவந்த ஒரே ஆள் உலகத்திலேயே அவளாகத்தான் இருப்பாள்.

நாற்பதைத் தாண்டியவள். ஒற்றை ஆள். சாமான் என்று ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மற்றதெல்லாம் தகர டப்பாக்கள். டப்பாவைத் திறந்தால் பேனா மூடி, டார்ச் லைட்டின் கழுத்து, உடைந்த ரேடியோவின் திருகு, லிஃப்டில் இருந்து பிடுங்கிய பொத்தான், விதவிதமான ஸ்பிரிங். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டால் மேலே இருந்து 'டிக், டொக், டக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மனிதப் பேச்சு மட்டும் கேட்காது. ஒரு டம்ளர், ஒரு தட்டு. "இன்னொரு டம்ளர் வாங்கி வெச்சுக்கோ, யாராச்சும் வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். "யாராச்சும் வரட்டும், அப்புறம் வாங்கறேன்" என்றாள். நான் மாடியேறிப் போனால் என் டம்ளரை நானே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அவள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிச் சாமான் செய்கிற கம்பெனியில். கட்டிலின் கைப்பிடி, மருந்து பாட்டில் தொங்கவிடும் கம்பி, கட்டிலைச் சுற்றி இழுக்கிற திரை, இந்த மாதிரி. கட்டடத்தின் மேல்தளத்தில் இன்ஜினியர்கள், கீழ்த்தளத்தில் டிசைன்காரர்கள். ஒரு சாமான் உடையுமா, சூடேறுமா, தண்ணீர் உள்ளே போகுமா என்று பார்ப்பது மேலே. கைக்கு அடங்குமா, கண்ணுக்கு உறுத்துமா, நோயாளி பார்த்தால் பயப்படுவாரா என்று பார்ப்பது கீழே. இவளுடைய மேஜை இரண்டிலும் இல்லை. படி ஏறித் திரும்புகிற இடத்தில், ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். மேலே போகிறவனும் கீழே வருகிறவனும் அவள் மேஜை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் அவளுக்கு 'நடுப்படி' என்று பேர் வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பேர். அவளோ போனை எடுத்தாலே "நடுப்படி பேசறேன்" என்பாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

"ஏம்மா, உன்னை மட்டும் எதுக்குப் படியில உக்கார வெச்சிருக்காங்க? தப்பு ஏதாவது பண்ணினியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு படிப்பு படிச்சதுதான் தப்பு. முதல்ல இன்ஜினியருக்குப் படிச்சேன். வேலை பாத்துட்டு, திரும்பப் போய் டிசைன் படிச்சேன். மேல போனா, 'வாங்க, படம் வரையறவங்க வந்தாச்சு'ன்னு சிரிப்பாங்க. கீழ போனா, 'வாங்க, நட்டு போல்ட்டு வந்தாச்சு'ன்னு சிரிப்பாங்க."

"அப்ப உன் வேலைதான் என்ன?"

மேஜையில் இருந்த ஒரு பொத்தானை எடுத்து என் கையில் வைத்தாள். "அமுக்குங்க."

அமுக்கினேன். உள்ளே போய் வந்தது.

"உள்ள ஸ்பிரிங் இருக்கு. அது மேல இருக்கறவங்களோடது. வெளிய மூடி இருக்கு. அது கீழ இருக்கறவங்களோடது. உங்க விரல் உள்ள போச்சில்ல, அந்தப் போக்கு யாரோடது? அது என்னோடது."

எனக்கு அது புரிந்தது என்று சொன்னால் பொய். புரியவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அவளுடைய பிறந்தநாளுக்கு நடந்த கதை ஒன்று உண்டு. மேல்தளத்துக்காரர்கள், கீழே கேக் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கீழ்த்தளத்துக்காரர்கள், மேலே வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். போகிற வருகிற எல்லோரும் மேஜையில் இடித்துக்கொண்டு, "என்ன நடுப்படி, கேக் நல்லா இருந்துதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். இவளும் "நல்லா இருந்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்பெனிக்கே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வழி தெரியாது.

அந்த வருஷம் அவர்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் நர்ஸைக் கூப்பிட அமுக்குகிற மணி. சோப்புக் கட்டி அளவில், கையில் பிடிக்கிற மாதிரி, வால் போல ஒயர் தொங்கும். கட்டிலுக்கு ஒன்று. ஒரே ஒரு பொத்தான். நடுப்படி அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். சாப்பிடும்போது இடது கையில் அது இருக்கும். மண்ணில் பிசைந்து ஒன்று, மரத்தில் செதுக்கி ஒன்று, பிளாஸ்டிக்கில் ஒன்று.

"சிவப்பா பண்ணிடு" என்றேன்.

"சிவப்பு ஆகாது பெரியம்மா. ஆபத்துன்னு நெனச்சு அமுக்கவே பயப்படுவாங்க."

"நான் பயப்பட மாட்டேன்."

"உங்களுக்காகப் பண்ணல."

பொத்தான் என்றால் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன்.

வேலை பாதியில் இருக்கும்போது அவள் ஒரு வாரம் லீவு போட்டாள். "ஊருக்குப் போயிட்டு வரேன் பெரியம்மா" என்று ஒரு பையோடு இறங்கிப் போனாள். எந்த ஊர், யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "என்னடி இது?" என்றேன். "பஸ்ஸுல அலைச்சல்" என்றாள். பஸ் அலைச்சலில் யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க மாட்டார்கள்.

அதன்பிறகு ஒருநாள் கம்பெனியில் மணியைச் சோதித்துப் பார்க்க வயசானவர்கள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் அந்தப் படித்திருப்பத்தை நேரில் பார்த்தேன். மேஜை மேல் ஒரு விளக்கு, ஒரு நாற்காலி. எதிரே ஆள் உட்கார இடமே இல்லை. நானும் இடித்துக்கொண்டேன்.

கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஆஸ்பத்திரி போலவே செய்து வைத்திருந்தார்கள். உயரக் கட்டில், திரை, தலைமாட்டில் ஒரு பெட்டி. என்னைப் படுக்க வைத்து மணியைக் கையில் கொடுத்தார்கள். "எப்படித் தோணுதோ அப்படி அமுக்குங்க" என்றாள் நடுப்படி. எனக்குக் கட்டைவிரல் நேரே வளையாது. பொத்தானின் ஓரத்தில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். உள்ளே போனது. போனது போனதுதான். ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே மாட்டிக்கொண்டது. வெளியே மணி 'கீ' என்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது.

"உடைச்சிட்டேன், உடைச்சிட்டேன்" என்று நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு மேலே இருந்து ஸ்பிரிங் சார் ஓடிவந்தார். அவர்தான் இன்ஜினியர்களுக்குத் தலைமை. தலை நரைத்தவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பிரிங் இருக்கும், பேச்சு நின்றால் அதை இழுத்து விடுவார். டிசைன்காரர்களின் தலைவி பக்கத்து அறையிலிருந்து வந்தாள். சின்ன வயசு, பையன் மாதிரி முடி வெட்டியிருந்தாள். அவளைக் குட்டைமுடி என்பார்கள்.

ஸ்பிரிங் சார் மணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன, பட்டனைச் சுத்தி இவ்வளவு இடைவெளி? ஆடுதே! படம் வரையும்போது கண்ணை மூடிட்டு வரைஞ்சீங்களா?" என்றார்.

"சார், நாங்க மயிரிழை அளவுக்குத்தான் இடைவெளி விட்டோம். பிளாஸ்டிக் விரியும்னு நீங்கதானே போன தடவை கத்தினீங்க?"

"நீங்க விட்டீங்களா? நீங்க விட்டிருக்க மாட்டீங்கன்னு நாங்களும் விட்டோமே!"

இவர்கள் அவர்களுக்காக இடம் விட்டிருக்கிறார்கள், அவர்கள் இவர்களுக்காக இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு வாய் வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. கேக் கதை மாதிரியே.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். நேரே நடுப்படியிடம் திரும்பினார். "ரெண்டு படமும் உங்க மேஜை வழியாத்தானேம்மா போகணும்? நீங்க பாக்கலியா?"

"அந்த வாரம் நான் லீவு சார். நேரடியா அனுப்பிக்கிட்டாங்க."

"அப்ப ஒரு ஆள் லீவு போட்டா மாட்டிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு எதுக்கு? நானும் ரொம்ப நாளா யோசிச்சிட்டுதான் இருக்கேன். நீங்க மேல போங்க, இல்ல கீழ போங்க. ஆஸ்பத்திரிக்காரங்க வந்து மணியைப் பாக்கறதுக்குள்ள எதுன்னு சொல்லிடுங்க. அந்த இடத்துல காபி மெஷின் வைக்கச் சொல்லிட்டேன்."

"மணி சார்?"

"மணிக்கு என்ன? இடைவெளியைக் குறைச்சா சரியாப் போச்சு. அமுக்கினா அடிக்கணும், அவ்வளவுதானே?"

நடுப்படி, மாட்டிக்கொண்ட பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். அங்கே எல்லோரும் பேசினார்கள், எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது, அவளைச் சுற்றி மட்டும் ஒரு வெற்றிடம். நான் கட்டிலில் இருந்து இறங்கிச் செருப்பைத் தேடினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் மாடிக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மணி அவள் மடியில் கிடந்தது. பொத்தான் இன்னும் உள்ளேயே இருந்தது.

"பெரியம்மா, இது மாட்டிக்கிட்டப்போ உங்க விரலுக்கு என்ன தெரிஞ்சுது?"

"உடைச்சிட்டேன்னு தெரிஞ்சுது."

சிரித்தாள். சிரித்துவிட்டு, "நான் ஊருக்குப் போகல" என்றாள்.

"தெரியும்."

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். கர்ப்பப்பையில கட்டி. எடுத்துட்டாங்க, இப்ப ஒண்ணும் இல்ல."

"கூட யாருடி இருந்தா?"

"யாரும் இல்ல."

"கீழ ஒருத்தி கல்லு மாதிரி உக்காந்திருக்கேனே, என்கிட்டச் சொல்ல உனக்கு வாய் வரலியா? நான் என்ன ஆளில்லையா?"

"ஒருத்தர்கிட்டப் போய் எப்படிச் சொல்றதுன்னு மறந்து போச்சு பெரியம்மா. வேணும்னு பண்ணல."

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம், பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுகிற நேரம். எல்லாக் கட்டிலிலும் ஆள். பழம் உரிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. இவளுக்குத் தண்ணீர் வேண்டும். பாட்டில் எட்டாத இடத்தில் இருக்கிறது. தலைமாட்டில் மணி தொங்குகிறது. வேறு யாரோ செய்த மணி.

"அமுக்கினேன். உள்ள போச்சு, வெளிய வந்துடுச்சு. அமுக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துதோ அதே மாதிரி. கேட்டுச்சா கேக்கலையான்னு தெரியல. மறுபடி அமுக்கினா கோவிச்சுப்பாங்களோன்னு இருந்தது. கொஞ்சம் பொறுத்து அமுக்கினேன். திரும்பவும் அப்படியே வந்து நின்னுடுச்சு. எல்லாக் கட்டிலுக்கும் ஆள் வந்திருக்கும்போது என் பக்கத்துலயும் யாரோ இருப்பாங்கன்னு நெனச்சிருப்பாங்க. ஒருவேளை மணி அடிச்சிருக்கும். ஒருவேளை அவங்க 'வர்றோம்'னு சொல்லியிருப்பாங்க. எனக்குத்தான் எதுவுமே தெரியல. வேலை தெரிஞ்ச எனக்கே அந்த நேரத்துல, நான் அமுக்கவே இல்லையோன்னு தோணிப்போச்சு."

"அப்புறம்?"

"நானே எழுந்து எடுத்துக்கிட்டேன். தையல் இழுத்துச்சு."

நான் அவள் தலையைத் தடவினேன். தடவட்டும் என்று கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மடியில் இருந்த மணியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு இது மாட்டிக்கிட்டு உள்ளேயே இருந்துச்சு பாருங்க. எல்லாருக்கும் தப்பாப் பட்டுது. எனக்கு மட்டும், 'ஆமா, நீ கூப்பிட்டிருக்க'ன்னு சொல்ற மாதிரி இருந்துது. இது இப்படியே உள்ள இருக்கணும். நர்ஸ் அங்க தன் மேஜையில 'பாத்துட்டேன், வர்றேன்'னு ஒரு தட்டு தட்டினா, அப்ப இங்க விரலுக்கு அடியில மேல வரணும். லைட் வேணாம், சத்தம் வேணாம். கண்ணு தெரியாதவங்களுக்கும் தெரியும், காது கேக்காதவங்களுக்கும் தெரியும்."

"பண்ணேன், யார் வேணாங்கறா?"

"நான் மேல போயிட்டா இது கீழ்த்தளத்து விஷயம்பாங்க. கீழ போயிட்டா மேல்தளத்து விஷயம்பாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க வர்றதுக்குள்ள படியில இருந்துக்கிட்டே இதை முடிக்கணும். இல்லன்னா சும்மா அடிக்கிற மணிதான் போகும்."

அதற்கப்புறம் மாடியில் விடாமல் 'டிக் டொக்' சத்தம்தான். உள்ளே போன பொத்தானைக் காந்தத்தால் பிடித்து வைத்தாள். நர்ஸ் தட்டினால் கரண்ட் நிற்கும், காந்தம் விட்டுவிடும், பொத்தான் மேலே வரும். எனக்குக் காட்டியபோது அருமையாகத்தான் வந்தது. சிவப்பு இல்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வந்தாள்.

"பொய் சொல்லுது பெரியம்மா."

"யாரு?"

"என் மணிதான். ஸ்பிரிங் சார் படியில நின்னு பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம பிளக்கைப் புடுங்கிட்டாரு. பட்டன் மேல வந்துடுச்சு. 'கரண்ட் போனா உன் நோயாளி என்ன நெனப்பாரு?'ன்னு கேட்டாரு. ஆள் வர்றாங்கன்னு நெனச்சுக் காத்துக்கிட்டு இருப்பாரு. யாரும் வர மாட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. பொத்தான் வேலை செய்யாமல் போனதற்கு அவள் அழுது நான் பார்த்ததில்லை. அது பொய் சொன்னதற்குத்தான் அழுதாள்.

மறுநாளில் இருந்து எல்லாவற்றையும் திருப்பிப் போட்டாள். கரண்டை நம்பிப் பொத்தான் உள்ளே இருக்கக் கூடாது. ஒரு சின்னக் கொக்கி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நர்ஸ் தட்டினால் மட்டும் காந்தம் அந்தக் கொக்கியைத் தட்டிவிடும். கரண்ட் போனால் போகட்டும், பொத்தான் அமுங்கியே கிடக்கும். பதில் வராத வரைக்கும் வந்ததாகக் காட்டாது. இது ஸ்பிரிங் சாருக்குப் பிடித்துப்போனது. சட்டைப் பையில் இருந்த தன் ஸ்பிரிங்கையே எடுத்து, "இதைப் போட்டுப் பாரும்மா" என்று கொடுத்துவிட்டாராம். அது பெரிய விஷயம் என்றாள் நடுப்படி.

பிறகு குட்டைமுடி கீழே இருந்து ஏறி வந்து, "அக்கா, உள்ளயே இருந்தா, அவசரத்துல மறுபடி அமுக்கணும்னு தோணும் இல்ல? கல்லை அமுக்கற மாதிரி இருக்கும், பாவம்" என்று கேட்டாள். அதுவும் சரிதான். நடுப்படி, ஸ்பிரிங் சார் எரிச்சல்பட்ட அந்த இரண்டு இடைவெளியில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து பொத்தானுக்கு அடியில் வைத்தாள். அமுங்கிக் கிடக்கும்போதும் இன்னும் ஒரு நூல் அளவு உள்ளே போகும். போனால், அங்கே மணி இன்னொரு முறை அடிக்கும்.

அந்த நாட்களில் படித்திருப்பத்தில் கூட்டம் கூடியதாம். மேல்படியில் ஸ்பிரிங் சார் நிற்பார், கீழ்ப்படியில் குட்டைமுடி நிற்பாள். நடுவில் உட்கார்ந்திருக்கிறவள் தலைக்கு மேலே மணி இங்கும் அங்கும் போய்வரும். "சார், அந்த முனையைக் கொஞ்சம் உருட்டுங்களேன்." "உருட்டினா உள்ள கொக்கிக்கு இடம் இருக்காதும்மா." "நடுப்படி அக்கா, நீங்க சொல்லுங்க சார்கிட்ட." அவர்கள் இரண்டு பேரும் நேரடியாகப் பேசப் பழகிவிட்டார்கள் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். பழகிவிட்டால் அப்புறம் நடுவில் ஆள் எதற்கு என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்த அன்று என்னையும் கூப்பிட்டாள். "போன தடவை கெடுத்தது நீங்கதான், வந்து சரி பண்ணுங்க" என்றாள். அதே கட்டில், அதே திரை. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே கோணல் விரலால் ஓரத்தில் அமுக்கினேன். நேராக உள்ளே போனது, நின்றது. நடுப்படி வெளியே நர்ஸ் மேஜை மாதிரி போட்டிருந்த இடத்துக்குப் போய்விட்டாள். திரைக்கு உள்ளே நான் மட்டும். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் அன்றைக்கு இப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று தோன்றியது. அப்போது விரலுக்கு அடியில் 'டக்'கென்று மேலே வந்தது.

"வர்றா" என்றேன், என்னை அறியாமல்.

திரைக்கு வெளியே யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்கார அம்மா ஒருத்தி, "எனக்குக் கொடுங்க, நானும் படுத்துப் பாக்கறேன்" என்று செருப்பைக் கழற்றினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மணிதான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகப் போகிறது என்று.

போனது. மேல்தளத்தில், "எங்க கொக்கிதான் அதுல விசேஷம்" என்றார்கள். கீழ்த்தளத்தில், "எங்க பட்டன்தான் விசேஷம்" என்றார்கள். பொய் இல்லை, இரண்டும் இருந்தன. ஒரு பார்ட்டி நடந்தது. இந்தத் தடவை கேக் அவள் மேஜை மேலேயே வெட்டினார்கள், இரண்டு தளமும் நின்று சாப்பிட்டது. மேஜையைக் காலி செய்வதற்கு முந்தின நாள் அது.

"மேலயா, கீழயா?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார்.

"ரெண்டும் வேணாம் சார். மணி போற ஆஸ்பத்திரிக்கெல்லாம் யாராச்சும் போய் மாட்டணும் இல்ல? கட்டிலுக்குக் கட்டில் உயரம் வேற, ஒயர் தொங்கற பக்கம் வேற. எட்டாத இடத்துல மாட்டிட்டா எல்லாம் வீண். நான் போறேன்."

"ஊர் ஊராப் போகணும்மா."

"பரவாயில்ல. எனக்கு ஒரு பைதான்."

சாமான் தயாராகி வரும்வரை சில மாதம் அவள் இங்கேயே இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்டு, என் கட்டில் தலைமாட்டுக்கும் அவள் அறைக்கும் ஒரு ஒயர் இழுத்தாள். என் பக்கத்தில் ஒரு மணி தொங்கியது. பொத்தான் சிவப்பு. நல்ல, கொழுத்த சிவப்பு.

"ஆபத்துன்னு நெனச்சு அமுக்க மாட்டாங்கன்னியே?"

"நீங்கதான் பயப்பட மாட்டேன்னீங்களே."

எதற்கெல்லாம் அமுக்கினேன் என்று கேட்காதீர்கள். மழை வருகிறது, துணியை எடு. டீ ஆறுகிறது, இறங்கி வா. சில நேரம் காரணமே கிடையாது. அமுக்கிவிட்டு விரலை வைத்துக்கொண்டு இருப்பேன். கொஞ்ச நேரத்தில் மேலே வரும். அப்புறம்தான் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். அவள் வருவதைவிட அந்த 'டக்' எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. அவளும் சொன்னாள்: "யாரோ அமுக்கறாங்க, நான் தட்டறேன். இந்த வீட்டுல எனக்கு இதுதான் பெரியம்மா நல்ல பேச்சு."

இரண்டாவது டம்ளர் அப்போதுதான் வாங்கினாள். அதைப் போகும்போது என் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் ஏறிய வண்டி தெரு முனையில் திரும்பியதும் நான் உள்ளே வந்து பொத்தானை அமுக்கினேன். உள்ளே போனது. மேலே அறை பூட்டிக் கிடக்கிறது, தட்ட ஆள் இல்லை. அமுங்கியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த என் மகன் அதைப் பார்த்துவிட்டு, "இது கெட்டுப் போச்சும்மா, கழட்டிடறேன்" என்றான்.

"கெடல. கையை எடு."

"மாடியை வாடகைக்கு விட வேணாமா?"

"விடும்போது சொல்றேன்."

போன வாரம் போன் வந்தது. "நடுப்படி பேசறேன்" என்றாள். பின்னால் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் இரைச்சல், தள்ளுவண்டிச் சக்கரச் சத்தம். சாப்பிட்டாயா, வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். ஒரு வரிசைக் கட்டில் முழுக்க மாட்டி முடித்தாளாம். யாருக்கும் எட்டாமல் போகக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்த்தாளாம்.

"நம்ம பட்டன் எப்படி இருக்கு பெரியம்மா?"

"உள்ளதான் இருக்கு."

"எப்ப அமுக்கினீங்க?"

"உன் வண்டி திரும்பினதும்."

"என்ன வேணும்னு?"

"ஒண்ணும் வேணாம். சும்மா."

"நகத்தால நெம்பினா மேல வந்துடும். நெம்பிடாதீங்க" என்றாள்.

"நான் எதுக்கு நெம்பறேன்? எனக்கு என்ன வேற வேலை இல்லையா?"

"நான் வந்து தட்டி விடறேன்."

"எப்ப?"

"வரிசை இன்னும் நிறைய இருக்கு பெரியம்மா" என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

மத்தியானம் படுக்கும்போது தலைமாட்டில் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். உள்ளேதான் இருக்கிறது.